முறையா? குறையா?

ஆள்வோரிடம் மக்கள் கேட்பவை இருவகைப்படும். வலியவன் தன்னை நலித்தான், தனக்குரியதைப் பறித்தான், ஆகவே நீதி வழங்குக என்று கேட்பது ஒன்று. வறுமையிலே வாடுகிறேன், வழியறியாது நிற்கிறேன், உதவுக என்று கேட்பது மற்றொன்று. குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், மன்னவன் காண்பதற்கு எளியவனாக இருத்தல் வேண்டும் என்பதை விளக்குமிடத்து, முதல் வகையினரை முறை வேண்டினார் என்றும், இரண்டாம் வகையினரைக் குறை வேண்டினார் என்றும் பிரித்துக் காட்டுகிறார். பரிமேலழகரோடு நமக்குப் பல வழக்குகள் உண்டு. அறம் யாதெனின் மனு முதலானோர் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலுமே என்று, வள்ளுவர் நூலின் வாயிலிலேயே எழுதி வைத்தவர் அவர். அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும் இந்த ஒரு பிரிவினையை நாம் நன்றியுடன் எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில், மன்னன் போய் மன்றம் வந்த பிறகு, நம் ஆட்சி மன்றங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டன. முறை வேண்டி வருகிறவனையும் குறை வேண்டி வந்தவனாகவே கருதி, கனிவு காட்டி, கடிதம் ஒன்றைக் கையிலே கொடுத்து அனுப்பிவிடுகின்றன.

இது சொல்லாராய்ச்சி அல்ல. வயிற்றோடும் மானத்தோடும் சேர்ந்த செய்தி. மண்ணூரிலே நின்று பார்த்தால் விளங்கும்.

திருப்பெரும்புதூர் வட்டத்திலே, வளர்புரத்தை அடுத்துள்ளது மண்ணூர். ஏரித் தண்ணீரை நம்பி ஏர் பூட்டிய வட்டாரம் அது. 1996ஆம் ஆண்டிலே ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்தது. 1998இல் கார்கள் வெளிவரலாயின. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை. பெரிய ஆலைகளைச் சுற்றிலும், அவற்றுக்குத் திருகாணியும் தகடும் கம்பிவடமும் செய்து கொடுக்கும் சிற்றாலைகள். இன்று அந்த வட்டாரத்திலே கோழி கூவுமுன் நிறுவனப் பேருந்து கூவுகிறது. ஊருக்குள் குடியிருப்பவன் உழவன் மட்டுமல்லன். தெற்கே பல மாவட்டங்களிலிருந்தும், வடக்கே பீகார், ஒரிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறைக்குள் பலராகப் படுத்தெழும் பாட்டாளியும் அங்குதான் இருக்கிறான்.

அந்தப் பாட்டாளிகளிலே ஒருவனை எண்ணிப் பாருங்கள். பெயர் எதுவாயினும் ஆகுக. ஒப்பந்தக்காரர் வழியே வேலைக்குச் சேர்ந்தவன். மூன்று ஆலை மாறியவன். அவனுடைய ஊதியத்திலே நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பிடித்து, வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. பி.எப். பணம் என்று அவன் சொல்வான். முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும். முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து நூற்றுக்கு 8.33 வீதம் தனியே பிரிந்து, 1995 நவம்பர் 16இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. நடுவண் அரசு தன் பங்காக 1.16 வீதம் சேர்க்கிறது. ஐம்பத்தெட்டு வயதானால் மாதந்தோறும் ஓய்வூதியம் வரும் என்பது ஏற்பாடு.

எவ்வளவு வரும்? கணக்கு எளிது. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தை, உழைத்த ஆண்டுகளால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். மாதம் 5,000 ரூபாய் ஊதியத்திலே பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவனுக்கு 857 ரூபாய். தேயிலைத் தோட்டத்திலும் நூற்பாலையிலும் தோல் பதனிடும் தொழிலிலும் குறைந்த கூலிக்கு முதுகொடிந்தவர்களின் கணக்கெல்லாம் இப்படித்தான் முடிந்தது. விலைவாசி ஏறினால் இந்தத் தொகை ஏறாது. அகவிலைப்படி என்பது இதற்கு இல்லை.

இதைக் கண்டு மனம் புழுங்கிய ஓய்வூதியர்களின் மனு, பாராளுமன்றத்தின் மாநிலங்களவைக்குச் சென்றது. மனுவை ஆராயும் பொறுப்பு, பகத் சிங் கோஷ்யாரி அவர்களைத் தலைவராகக் கொண்ட மனுக்கள் குழுவிடம் சேர்ந்தது. குழு, அமைச்சகத்தை அழைத்தது, கேட்டது, ஆராய்ந்தது. 2013 செப்டம்பரில், தனது 147ஆவது அறிக்கையை அவையிலே வைத்தது. குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 3,000 ரூபாயாவது இருக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் வழி காட்டிற்று; அரசு தன் பங்கை 1.16 வீதத்திலிருந்து 8.33 வீதமாக உயர்த்தட்டும் என்று எழுதிற்று.

அரசு என்ன செய்தது? 2014 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, குறைந்த அளவு ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று அறிவித்தது. மூன்றிலே ஒரு பங்கு. அரசின் 1.16 வீதம் அசையவில்லை. பத்தாண்டுகள் உருண்டோடிய பிறகும், 2024இலும், அதே 1,000 ரூபாய்தான். அந்த ஆயிரத்தைப் பெறுவதற்கு, தான் உயிரோடு இருப்பதாக ஓய்வூதியர் ஆண்டுதோறும் சான்று காட்டுகிறார். விரல் ரேகை தேய்ந்து கருவி ஏற்க மறுத்தாலும், மீண்டும் மீண்டும் விரலை வைத்துக் காட்டுகிறார்.

இந்த மனு முறையா, குறையா? நாம் கேட்பது இதுதான். அந்த நிதியிலே இருப்பது கோவில் உண்டியல் பணமல்ல. கொடைவள்ளல் எவரும் அள்ளிப் போட்டதுமல்ல. உழைத்தவனுடைய ஊதியத்தின் ஒரு பகுதி; அவன் கைக்கு வராமலே, அவன் முதுமைக்கென்று எடுத்து வைக்கப்பட்டது. முதலாளியின் பங்கு என்று ஏட்டிலே எழுதினாலும், அதுவும் அவன் உழைப்புக்கு ஈடாகத் தரப்படுவதே. ஆகவே ஓய்வூதியர் கேட்டது முறை. கிடைத்ததோ, குறை வேண்டினார்க்குக் கிடைப்பது போன்றது. இரக்கப்பட்டு, கொஞ்சம் கொடுத்து, போதும் போ என்றனர்.

குழுவின்மீது நாம் குற்றம் சுமத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். மனுக்கள் குழு பழைய அமைப்பு. வெள்ளையர் ஆட்சியிலே, 1924 பிப்ரவரி 20 அன்று, அப்போதிருந்த மத்திய சட்டசபையிலே பொதுமக்கள் மனுக்களுக்கென ஒரு குழு பிறந்தது. 1933இல் மனுக்கள் குழு என்ற பெயர் பெற்றது. இன்று மக்களவையின் குழுவிலே பதினைந்து உறுப்பினர். மாநிலங்களவையின் குழுவிலே பத்துப் பேர். மக்களவைக் குழுவில் அமைச்சர் எவரும் இடம் பெறலாகாது என்பது நல்ல விதி. யார்மீது முறையீடோ அவரே நடுவராக அமர்வதை அது தடுக்கிறது. மனுவைப் பெற்ற குழு, துறையிடம் விவரம் கேட்கிறது. அதிகாரிகளை வரவழைத்து வாக்குமூலம் பெறுகிறது. தேவைப்பட்டால் ஊர்களுக்கே வந்து பார்க்கிறது. இந்த மனுதாரருக்கு என்ன செய்யலாம், இத்தகைய துன்பம் இனி நேராதிருக்க என்ன செய்யலாம் என்று அவைக்கு எழுதுகிறது. பிறகு, எழுதியதை அரசு நிறைவேற்றிற்றா என்று மற்றோர் அறிக்கையும் தருகிறது. கட்சி வேற்றுமை கடந்து உறுப்பினர்கள் ஒன்றாக அமர்ந்து, ஓர் எளியவனின் தாளைப் படிக்கிறார்கள் என்பது சிறிய செய்தியன்று. ஆரவாரம் மிகுந்த அவைக்குள்ளே ஆரவாரமின்றி நடக்கும் வேலை இது.

ஆனால் அந்தத் தாள் குழுவின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டுமே! அங்கேதான் மண்ணூரானுக்கு மலைப்பு.

மக்களவையின் நடைமுறை விதிகளிலே மனுவுக்கு ஒரு படிவம் உண்டு. அதன் இறுதியில், மனுதாரர் கடமைப்பட்டவராக என்றென்றும் வேண்டிக்கொண்டிருப்பார் என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்று. பிரித்தானிய அவையிலிருந்து நாம் பெற்ற பழந்தேய்ந்த சொற்றொடர். அரசருடைய காலடியிலே குடிமகன் விழுந்து கிடந்த நாளின் மொழி. சொற்றொடர்தானே என்று தள்ளிவிடலாம். எனினும் கடவுள் முன் வேண்டுவதும் ஆட்சி முன் வேண்டுவதும் ஒரே சொல்லாக இருக்கும்வரை, வரம் கிடைத்தால் அருள், கிடைக்காவிட்டால் ஊழ் என்ற எண்ணம் இரண்டு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மனுவின் மொழி பணிவும் நயமும் நிதானமும் உடையதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. வேண்டியதுதான், வசைமாரி எவருக்கும் பயன் தராது. ஆயினும் இதே நிதானத்தை, பதில் எழுதும் துறையின் தாமதத்திற்கும் ஓர் அளவாக யாரும் விதிக்கவில்லை.

மொழியைப் பற்றி வேறொரு செய்தி. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிற மொழியில் எழுதினால், இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பை இணைத்து, அதிலும் மனுதாரர் ஒப்பமிட வேண்டும். மண்ணூர்த் தொழிலாளி தமிழிலே தன் துயரை எழுதுகிறான்; அதற்குக் கீழே ஒப்பமிடுகிறான். பிறகு, தான் படித்தறிய முடியாத ஒரு தாளின் கீழேயும் ஒப்பமிடுகிறான். எந்தத் தாளைக் குழு படிக்கும்? அவன் அறியாத தாளைத்தான். தன் குறையைத் தானே அறியாத மொழியில் சொன்னவனாகிவிடுகிறான் அவன். ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்துள்ள பாராளுமன்றத்தைப் பாருங்கள். அங்கே இருபத்துநான்கு ஆட்சிமொழிகள். மால்டாத் தீவின் மொழி பேசுவோர் சில இலட்சம் பேர். அவர்களிலே ஒருவன் தன் மொழியில் மனு எழுதலாம். அதே மொழியில் பதில் பெறலாம். ஏழு கோடிப் பேர் பேசும் தமிழுக்கு, டில்லியிலே அந்த இடம் இல்லை. இத்தனைக்கும், எந்தக் குறையையும் எந்த அதிகாரிக்கும் எந்த அமைப்புக்கும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தெரிவிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் திறந்து வைத்த கதவை, நடைமுறை விதி ஒருக்களித்துச் சாத்தி வைத்திருக்கிறது.

எழுதுவது ஒருபுறம் இருக்கட்டும். பதில் வருவதிலும் இந்தத் தொல்லை உண்டு. 2020இல் மதுரை மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன், தேர்வு மையம் ஒன்று தமிழ்நாட்டிலே வேண்டும் என்று உள்துறைக்கு ஆங்கிலத்தில் எழுதினார். பதில் இந்தியில் வந்தது. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். எழுதிய மொழியிலேயே பதில் தருவது ஒன்றிய அரசின் கடமை என்று 2021இல் தீர்ப்புக் கிடைத்தது. பாராளுமன்ற உறுப்பினருக்கே நீதிமன்றப் படியேறித்தான் விளங்கும் மொழியில் விடை கிடைத்தது என்றால், மண்ணூரானைப் பற்றிக் கூறவும் வேண்டுமா?

மனுவிலே ஓர் உறுப்பினர் மேலொப்பமிட்டு அவையில் அளிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதனை நாம் குறை கூறவில்லை. உறுப்பினரைத் தேடிச் செல்லவாவது மக்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது! அப்படி வர இயலாத கடிதங்களையும் முறையீடுகளையும், தலைவரின் வழிகாட்டுதலின்படி மக்களவைக் குழு எடுத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டில்லி தொலைவு என்றால், அண்மையில் இருக்கிறது சென்னை. தமிழ்நாடு சட்டமன்றத்துக்கும் மனுக்கள் குழு உண்டு. மாவட்டந்தோறும் வருகிறது, மனு பெறுகிறது, தமிழிலேயே பெறுகிறது. போற்றுகிறோம். ஆனால் வருமுன் வெளியிடப்படும் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும்; தனிநபர் குறையாக இருத்தல் கூடாது. நீதிமன்றத்தில் உள்ளது கூடாது. வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன் ஆகியவை வேண்டுவது கூடாது. அரசு அலுவலர் மீதான குறை கூடாது.

மண்ணூரிலே ஒரு மூதாட்டியிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினால், பின் எதைத்தான் அப்பா நான் கேட்பது என்பார். நிலம் போனவனுக்குப் பட்டா. நிலம் போனதால் மகனுக்கு வேலை. மகனுக்கு வேலை நிலைக்காததால் தனக்கு முதியோர் உதவித்தொகை. அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தப் பட்டியலின் கூடாது என்ற பக்கத்திலேதான் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுக்கெல்லாம் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்கு வைத்த பெயரையும் நோக்குக. மக்கள் குறைதீர்க்கும் நாள்! முறை வழங்கும் நாள் என்று ஒரு கிழமையும் இல்லை. இன்னொரு பெயர் மனுநீதி நாள். மணியடித்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனின் பெயர். அந்தக் கதையிலே பசு படிவம் நிரப்பவில்லை, மொழிபெயர்ப்பு இணைக்கவில்லை, உறுப்பினரின் மேலொப்பம் பெறவில்லை என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறோம்.

தனிநபர் குறை எது, பொதுப் பிரச்சினை எது? இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்வோம். 2006 தொடக்கத்திலே உற்பத்தி. 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. பல்லாயிரம் இளைஞர்களும் இளம்பெண்களும் வெளியே வந்தனர். ஓய்வூதியத் திட்டத்தின்படி, பத்தாண்டுப் பணி இருந்தால்தான் ஓய்வூதியம் உண்டு. அந்த ஆலையோ ஒன்பதாண்டு நிறைவதற்குள் மூடிக்கொண்டது. முதல் நாள் நுழைந்து, கடைசி நாள்வரை ஒரு நாள்கூட விடாது உழைத்தவனுக்கும், அந்த ஆலையின் பணிக்காலத்தை மட்டும் கொண்டு ஓய்வூதியம் இல்லை. சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம். அன்றேல் சிறு தொகையாகத் திரும்பப் பெறலாம். அடுத்த வேலை கிடைத்தால் என்பதுதான் அங்கே ஒளிந்திருக்கும் சொல். ஒருத்தி, என் எட்டாண்டு உழைப்புக்கு என்ன கணக்கு என்று எழுதினால் அது தனிநபர் குறை. அதே கேள்வி பல்லாயிரம் வீட்டிலே ஒரே நாளில் எழுந்தது என்றால், அது தனிநபர் குறையா? திட்டத்தின் அமைப்பிலேயே உள்ள கோளாறா? ஒருவருடைய துன்பம் அடுத்தவருடையதைப் போலவே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பவர் இருந்தால்தான் அது பொதுப் பிரச்சினையாகும். ஒவ்வொரு தாளையும் தனித்தனியே எண்ணிட்டு, தனித்தனியே துறைக்கு அனுப்பி, தனித்தனியே முடித்து வைத்தால், ஆயிரம் தனிநபர்கள் இருப்பார்கள், பொதுமக்கள் இருக்கமாட்டார்கள்.

2024 செப்டம்பர் 9இல், சுங்குவார்சத்திரத்தை அடுத்த சாம்சங் ஆலையிலே, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஒரு மாதத்துக்கும் மேல் போராட்டம். சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது முதன்மையான கோரிக்கை. பதிவுப் பொருள் உயர் நீதிமன்றத்தின் முன் இருந்தது. நீதிமன்றத்தில் இருப்பதை மனுக்குழு தொடலாகாது என்பது விதி, தக்க விதியுங்கூட. எனினும் அது விதிக்கும் காலத்தை எண்ணிப் பாருங்கள். சங்கப் பதிவு கிடைத்தது 2025 சனவரியில்.

மனு என்பதே பயனற்றதோ என்று தோழர்கள் கருதிவிடலாகாது. இந்தத் தமிழ் மண்ணிலிருந்து சென்ற ஒரு மனு என்ன செய்தது என்று பழைய வரலாறு சொல்கிறது. 1852இல், கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று அமைத்த சென்னைவாசிகள் சங்கம், இலண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பிற்று. கும்பினி ஆட்சியிலே வரி தண்டுவோர் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்பது அதிலே கண்ட முறையீடுகளுள் ஒன்று. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நசுக்கும் கிட்டி. தலையைக் கால்வரை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். இவை வரி வாங்கும் கருவிகளாக இருந்தன! அங்கே அதிகாரிகள் முதலிலே நம்ப மறுத்தனர். 1853இல் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்துக்கு நேரில் வந்தார், ஊர் ஊராகச் சுற்றினார், கண்டார், கேட்டார். 1854இல் அந்த மன்றத்திலே விவாதம் எழுந்தது; சித்திரவதையை ஆராய ஆணையம் அமைந்தது; 1855இல் அந்த ஆணையமே, வதை நடந்தது உண்மைதான் என்று எழுதிற்று.

அந்நியன் மன்றம், அடிமை நாட்டின் மனு, கடல் கடந்த தொலைவு. எனினும் மூன்றாண்டுக்குள் வந்தவன், பார்த்தவன், எழுதியவன் இருந்தனர். ஏனெனில் அந்த மனு இரக்கம் கேட்கவில்லை. உங்கள் ஆட்சியின் பெயரால் இந்தக் கொடுமை நடக்கிறது, உண்டா இல்லையா, சொல்லுங்கள் என்று கேட்டது. பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது. அதுதான் முறை.

அதே இலண்டன் மன்றம், தன் நாட்டுப் பாட்டாளிக்கு 1842இல் காட்டிய முகம் வேறு. வாக்குரிமை கேட்டுச் சாசன இயக்கத்தார் கொணர்ந்த மனுவில் முப்பத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பங்கள். மனுவின் பருமன் தாங்காமல் வாயிற்சட்டத்தைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோனார்கள் என்பர். மனுதாரர் தரப்பை அவைக்கு வரவழைத்துக் கேட்கலாமா என்பதற்கே 287 பேர் கூடாது என்றனர். 49 பேர் கேட்கலாம் என்றனர். கேட்ட ஆறனுள் ஐந்து, பின்னாளிலே சட்டமாயின. கேட்டவர்களில் பலர் அதைக் காண உயிரோடில்லை.

இனி, நம் வழக்குக்கு எதிர்வழக்கு உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. குழுவின் சொல் அரசைக் கட்டுப்படுத்துமானால், ஆட்சி நடத்துவது யார்? பதினைந்து பேரோ பத்துப் பேரோ கூடி, மனு தந்தவரின் துயரை மட்டும் பார்த்து, கருவூலத்தைத் திறந்துவிடலாமா? கொடுக்காமல் விடப்பட்ட மற்றவர் பங்குக்கு யார் பொறுப்பு? நியாயமான கேள்விகள்தாம். நாட்டின் வரவு செலவுக்கு மக்கள் முன் பொறுப்பேற்பது அமைச்சரவை. ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்ற மனுவை, இதே மாநிலங்களவைக் குழு 2011 டிசம்பரில் ஏற்றுப் பரிந்துரைத்தது. 2015இல் ஆணை வந்தது. ஆனால் குழு வகுத்த வடிவில் வரவில்லை என்று படைவீரர் வழக்குத் தொடுத்தனர். குழுவின் அறிக்கை அரசின் கொள்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறிவிட்டது. சட்டம் அதுதான், ஒப்புகிறோம்.

ஆனால் கட்டளையிடும் அதிகாரம் வேறு. காரணம் கேட்கும் உரிமை வேறு. செய்க என்று குழு ஆணையிட வேண்டாம். செய்யவில்லையெனில் ஏன் என்று, மனுக் கொடுத்தவனுக்கு, அவனுக்கு விளங்கும் மொழியில், குறித்த நாளுக்குள் சொல்க என்பதையாவது கடமையாக்கலாமே! செருமனி நாட்டின் அடிப்படைச் சட்டம், 1949லேயே, மனுச் செய்வதை ஒவ்வொருவரின் உரிமையாக எழுதி வைத்தது. 1953இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், மனு பெறப்பட்டு ஆராயப்பட்டது என்பதோடு, அதன்மீது என்ன செய்யப்பட்டது என்பதையும் மனுதாரருக்கு எழுத்திலே தெரிவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வேண்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கும் சொல்லவில்லை. பதிலே இல்லாமல் விடலாகாது என்பதுதான் அங்கே அறம். குறை வேண்டினவனுக்கு இல்லை என்று ஒரு சொல்லிலே சொல்லிவிடலாம். முறை வேண்டினவனுக்கு, இல்லை என்பதோடு ஏன் என்பதும் சேர வேண்டும். பொற்சிலம்போடு பாண்டியன் அவைக்குள் நுழைந்த பெண்ணுக்கு, மன்னன் பொருள் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவள் கேட்டது அதுவன்று என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆகவேதான் விடை சொல்ல முயன்றான். சொல்ல முடியாமல் வீழ்ந்தான்.

1,000 ரூபாய்க்காரருக்குச் சொல்லப்படும் பதில், நிதி தாங்காது என்பது. இருக்கலாம். ஆனால் குழு அந்தப் பதிலை எதிர்பார்த்தே, அரசின் பங்கை 8.33 வீதமாக்குக என்று எழுதியது. அதைச் செய்தால் எத்தனை கோடி ஆகும், அந்தக் கோடி எந்தச் செலவிலே போகிறது, அந்தச் செலவைவிட இது ஏன் பின்னுக்குப் போக வேண்டும் என்று ஓய்வூதியருக்கு விளங்கும்படி சொன்னால், அவர் ஒப்பலாம், ஒப்பாமலும் போகலாம். அதன் பிறகு அவர் தம் வாக்குச்சீட்டிலே முடிவு செய்வார். கணக்கைக் காட்டாமல் கையை விரிப்பதைத்தான் நாம் ஏற்கவில்லை.

மண்ணூரிலிருந்து இனியொரு மனு புறப்படுமானால், அது 3,000 ரூபாய் தருக என்று தொடங்க வேண்டாம் என்பது நமது எண்ணம். 2013 செப்டம்பரிலே மாநிலங்களவைக் குழு எழுதிய 147ஆவது அறிக்கையின் இந்த இரண்டு பரிந்துரைகளையும் ஏற்காமைக்குரிய காரணத்தையும் கணக்கையும் அவையில் வைக்குமாறு அரசைக் கேட்க வேண்டும் என்று தொடங்கட்டும். ஒரே பொருள், ஒரே துறை. பணிவான மொழியிலேயே எழுதலாம். தமிழிலே எழுதி, ஊரார் கூடி ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பிறகு மொழிபெயர்ப்பை இணைத்து, இரண்டிலும் ஒப்பமிட்டு, தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றுள்ள பதினெட்டு உறுப்பினருள் ஒருவரிடம் மேலொப்பம் கேட்டுப் பெறலாம்.